அவர் விழுங்கும் மாத்திரை

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் வீட்டில் தொட்டில் இல்லை என்றால், கமுந்திங்கிலும் சரி, ஈப்போவிலும் சரி, முதலில் கிளினிக்குக்குப் போவது மனைவிதான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கோயில் நேர்த்திக்கடன், உறவினர்களின் விசாரிப்பு எல்லாம் அவளுக்கே. கணவர் தினமும் இரவில் விழுங்கும் மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது வலிப்பு மாத்திரை என்றால் கேட்கவே வேண்டாம். பெண் பார்க்கும்போதே மறைத்த விஷயமாயிற்றே!

வானொலியில் குழந்தையின்மை பற்றிப் பேசும் நாள்களில் அழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தப்பித் தவறி ஓர் ஆண் வந்தால், "நண்பருக்காகக் கேட்கிறேன்" என்பார். அந்த நண்பர்களுக்காகவே இந்த வாரம் ஒரு மருந்தின் கதை.

பெயர் சோடியம் வால்புரோயேட். நம் நாட்டில் 'எப்பிலிம்' என்றால் பலருக்குத் தெரியும். 1882இல் உருவான வால்புரோயிக் அமிலத்தை எண்பது வருடம் வெறும் கரைப்பானாகத்தான் பயன்படுத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் வேறு மருந்துகளை அதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது! வேலை செய்தது மருந்தல்ல, கரைப்பான் என்று அப்புறம்தான் புரிந்தது.

நல்ல செய்தியைச் சொன்ன விலங்குகளே கெட்ட செய்தியையும் சொல்லின. எலிகளுக்கும் நாய்களுக்கும் நீண்ட காலம் இதைக் கொடுத்த சோதனைகளில் விந்தணு உற்பத்தி குறைந்தது, விதைகள் சுருங்கின. உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் எலிக்கு 400 மில்லிகிராம், நாய்க்கு 150 மில்லிகிராம், அல்லது அதற்கும் மேல். மனிதருக்கு உச்ச அளவே கிலோவுக்கு 60 மில்லிகிராம்தானே, பிறகென்ன பயம் என்று தோன்றும். ஆனால் சிறிய விலங்கின் உடல் மருந்தை வேகமாகச் செரித்து வெளியேற்றிவிடும். அதனால் உடலின் பரப்பளவை வைத்து ஒப்பிடுவார்கள். அப்படிப் பார்த்தால் இந்த அளவுகள் நமக்கு அதிகத் தூரத்தில் இல்லை. அதேசமயம், 350 மில்லிகிராம் வரை 60 நாள் கொடுத்த இன்னொரு சோதனையில் எலிகளின் கருவுறச் செய்யும் திறன் கெடவில்லை.

மனிதரில்? விந்தணுவின் எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறைந்த ஆண்கள் உண்டு. விந்தணுவே இல்லாமல் போனவர்களும் உண்டு. அளவைக் குறைத்த பிறகோ மருந்தை மாற்றிய பிறகோ பலருக்குச் சரியாகியிருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி வெளிவரவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், 55 வயதுக்குட்பட்ட ஆணோ பெண்ணோ, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஒப்புக்கொண்டால்தான் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்க முடியும். அதே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையும் ஆண்களை எச்சரித்தது. கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் தந்தை இதைச் சாப்பிட்டிருந்தால், நூறில் சுமார் 5 குழந்தைகளுக்கு வளர்ச்சிக் கோளாறு இருக்கலாம். வேறு இரண்டு வலிப்பு மருந்துகளில் அது சுமார் 3. இது உறுதியான முடிவல்ல. அதே ஆண்டு வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில் இப்படி ஒன்றும் தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரையே எடுத்துவிடும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரே ஒரு தடவை வந்தாலும் போதும். சில வகை வலிப்புக்கு வால்புரோயேட் போல வேறெதுவும் கேட்பதில்லை. சிலருக்கு லெவெட்டிராசெட்டாம், லாமோட்ரிஜின் போன்றவை சரிப்படலாம். எது யாருக்கு என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும்.

மறைப்பதற்கும் காரணம் இல்லாமலில்லை. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்தில் போனது நம் வீட்டுக் கூடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மாத்திரைப் பெட்டியோடு மனைவியையும் அழைத்துப் போங்கள். "குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், இந்த மருந்தே தொடரலாமா, விந்துப் பரிசோதனை எடுக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். அவளுக்கு அடுத்த ஸ்கேன் எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள்.