கார்டு செத்தால் கணக்குமா சாகும்?

"ரெய்டு கார்டு போய்விட்டது ஸார், அதோடு கணக்கும் போயிற்று!" என்று கையை விரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இந்தத் தீர்ப்பை நான் காதாரக் கேட்டேன். அங்கே நாலு டிஸ்க்குகளில் இருந்தது என்ன தெரியுமா? சிறு விவசாயிகள் கொண்டுவந்து போட்ட பச்சை இலையின் எடைக் கணக்கு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. டிஸ்க் நாலும் உயிரோடுதான் இருந்தன. அவற்றை மேய்த்த கார்டுதான் செத்தது. மேய்ப்பவன் செத்தால் மாடும் செத்ததாக எந்த ஊரில் ஐயா வழக்கம்?

'ரெய்டு' என்ற பெயரை 1988-இல் பிரபலமாக்கியவர்கள் பெர்க்கிலி சர்வகலாசாலையின் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர். அதன் ஐந்தாம் வகையில், ஒரு டிஸ்க் கெட்டால் மிச்சமுள்ளவற்றைக் கொண்டு அதில் இருந்ததைக் கணக்கிட்டுவிடலாம். மந்திரமல்ல, வெறும் கணக்கு. கார்டு போடுகிற அந்தக் கணக்கைச் சாதாரணக் கம்ப்யூட்டரும் போடும். முதலில் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அச்சு அசலாக ஒரு நகல். பிறகு அசலைத் தொடவே கூடாது. டிஸ்க்குகளின் வரிசை என்ன, எத்தனை கிலோபைட் துண்டுகளாக எழுதியிருக்கிறது, சரிபார்ப்புத் துண்டு எப்படிச் சுற்றி வருகிறது என்று கண்டுபிடித்து நகல்களை இணைத்தால் பழைய கணக்கு எழுந்து உட்காரும். பொறுமை வேண்டும், அவ்வளவே. அதற்குப் பதில் புதுக் கார்டைச் செருகி, "டிஸ்க்குகளைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா?" என்று அது கேட்டதும் 'ஆம்' என்று தட்டுகிறார்களே, அந்த மகானுபாவர்கள்தான் உண்மையில் கொலை செய்கிறவர்கள்!

ஊட்டியில் 'கிரேப்ஸ்-3' என்ற காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி அதன் மேலே வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக 2019-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். பதினெட்டு நிமிஷ சமாசாரம். சேமித்து வைத்த பதிவுகளை அலசித்தான் தெரிந்தது. பதிவு தொலைந்திருந்தால் மேகத்தைத் திரும்ப வரச்சொல்லி யாரிடம் மனுப்போடுவது?

எல்லாமே மீளும் என்று நான் சாதிக்கவில்லை. ஐந்தாம் வகையில் இரண்டு டிஸ்க் அடியோடு போனால் முழுக் கணக்கும் எவனுக்கும் கிடைக்காது. பூட்டி எழுதிய டிஸ்க்கின் சாவி தொலைந்தாலும் அதே கதிதான். ரெய்டு இருக்கிறதே என்று தனிப்பிரதி எடுக்காத முதலாளிகளுக்காகவும் நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் கேட்பது ஒன்று: விற்க வருகிறவரிடம், "உம்முடைய கார்டு இல்லாமல் இந்த டிஸ்க்குகளைப் படிக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் கண்ணெதிரில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.