லைசென்சுக்குப் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்!

"விண்டோஸ் 10 காலாவதி ஆகிவிட்டது. புது லைசென்சு வாங்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். மதுரை ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், மேலூர், உசிலம்பட்டி வீடுகளில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

நடந்தது என்ன? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி எல்லோருக்கும் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் நின்றன. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. பாங்கிக் கணக்குப் பார்க்கிற மெஷினுக்கு அது ஆபத்து. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு என்றும் கம்பெனி அறிவித்தது.

"காசு கொடுத்து வாங்கியது நம் சொத்து இல்லையா?" என்பீர்கள். இல்லை! பெட்டிதான் உங்கள் சொத்து. உள்ளே ஓடும் விண்டோஸ் கம்பெனியின் சொத்து. உங்களுக்குக் கிடைத்தது உபயோகிக்கும் அனுமதி. அதுதான் லைசென்சு. (அந்தக் காலத்தில் ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்சு கட்டினார்கள். வீட்டில் தாத்தா இருந்தால் கேளுங்கள்.)

இப்போது முக்கியமான விஷயம். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர் விண்டோஸ் 11-க்கு மாற லைசென்சுக் காசு கிடையாது. இலவசம்! ஏற்றித் தருகிறவர் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயம். "லைசென்சுக்கு" என்று தனியாக ரூபாய் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். பில்லும் கேளுங்கள்.

ஆனால் மெஷினுக்குத் தகுதி வேண்டும். ராம் 4 ஜி.பி., டிஸ்க் 64 ஜி.பி., டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஓரளவு புதிய புராசசர். ராம் வாங்கிப் போடலாம். புராசசர் பழசு என்றால் வழியில்லை. நன்றாக ஓடும் பெட்டியை இதற்காகக் குப்பையில் போடச் சொல்வது அநியாயம் என்றே சொல்வேன்.

அப்படிப்பட்ட பெட்டிக்கு 'பாஸ்' லினக்ஸ் இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்தது. லைசென்சுக் கட்டணமே இல்லை, தமிழும் உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் இதையும் போட்டுக் கொடுத்தார்கள். திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளுக்கு மட்டும் பாஸ் போதாது. பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் லினக்சுக்குச் செய்தவை அல்ல.

தகுதி தெரிய, மைக்ரோசாப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவசப் புரோகிராம் போதும். பெட்டியைக் கடைக்குத் தூக்குமுன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.