பாதி ஊசி மிச்சமல்ல

மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வராத பிள்ளையைத் தேடி லயத்துக்குப் போனோம். தாய் எழும்ப முடியாமல் கிடந்தார். கிளினிக்கில் இன்சுலின் இல்லை, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் வரும்வரை இருந்த போத்தலை இழுத்துப்பிடிக்க, இரண்டு வாரமாகப் பாதி ஊசிதான் போட்டிருக்கிறார். தலைவரிடமும் சொல்லவில்லை, எம்மிடமும் சொல்லவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது தேறிவருகிறார்.

நமது நாட்டுக்கு மருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது இன்சுலினுக்கும் தட்டுப்பாடு வந்தது. பணமுள்ளவர் பாமசியில் வாங்குவார். நாள் பேரை நம்பி அடுப்பு மூட்டுகிறவர் மருந்தைக் குறைப்பார்.

தோழர்களே, குறைக்காதீர்கள். சிறுவயதிலேயே சீனி வருத்தம் வந்து இன்சுலினை மட்டும் நம்பியிருப்பவருக்கு, ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே உயிராபத்து. வாந்தி, வயிற்றுவலி, அடங்காத தாகம், மூச்சுவாங்கல் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் போத்தலையும் கடன் வாங்காதீர்கள். இன்சுலினில் பல வகை உண்டு; வகையையும் அளவையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். 10 மில்லிலீற்றர் போத்தலில் 1,000 அலகு இருக்கிறது. நாளொன்றுக்கு 40 அலகு போடுகிறவருக்கு அது 25 நாளில் முடியும். மாதக் கிளினிக்குக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும். ஆகவே பத்து நாளைக்கு மருந்து இருக்கும்போதே சொல்லுங்கள்.

எம்மீதும் குற்றம் இருக்கிறது. சம்பளம் பேசினோம், வீடும் காணியும் பேசினோம். எமது கோரிக்கைப் பட்டியலில் இன்சுலின் ஒருபோதும் இருக்கவில்லை.

இம்மாதம் முதல் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்கட்டும். ஊசி போடுகிறவர்களில் விரும்பிச் சொல்பவர்களின் பெயர், மருந்தின் வகை, போத்தல் முடியும் திகதி அதில் இருக்கட்டும். அந்தக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்கும் சுகாதாரப் பணிப்பாளர் காரியாலயத்துக்கும் கூட்டாகப் போவோம். இங்கே இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதை யார் கொண்டுவருவது என்று கேட்போம். கிளினிக் நாளுக்குப் பேர் போடும்படியும், அவசரத்துக்குத் தோட்ட வாகனம் தரும்படியும் துரையிடம் கேட்போம்.

தராசில் கொழுந்து குறைந்தால் சத்தம் போடுகிறோம். போத்தலில் மருந்து குறைந்தாலும் அப்படியே சத்தம் போடுங்கள். சங்கம் உங்களோடு வரும்.