குழாய்த் தண்ணீரும் இருதயக் கணக்கும்

செடிக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் சீறிக்கொண்டு எட்டப் போய் விழும். குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு பாய்ச்சலும் அதிகம். அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி டானியல் பெர்னூலி என்ற அறிஞர் 1738-லேயே புத்தகம் எழுதிவிட்டார். இன்று டாக்டர்கள் உங்கள் இருதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை அதை வைத்தே கணக்கிடுகிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

ஒரு காலத்தில் அதை அறிய, இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இருதயம் வரை செலுத்தியாக வேண்டும். 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் தம் கை வழியாகத் தாமே அப்படிச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கும் நடந்து போனார்! 1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

1953-ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர், காதுக்குக் கேட்காத ஒலியை மார்பில் செலுத்தி, இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். அதுதான் நாம் சொல்லும் 'எக்கோ'. அந்த ஒலியால் இரத்தத்தின் வேகத்தை அறிந்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடும் முறை 1970-களில் நார்வேயில் உருவாயிற்று. அதில் பெரும் பங்கு லிவ் ஹாட்லே என்ற பெண் டாக்டருக்கு உண்டு.

கணக்கு சுலபம். இருதயத்தின் வலப்பக்க வால்வில் இரத்தம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிக் கசிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றை மூன்றால் பெருக்கினால் 9. அதை நான்கால் பெருக்கினால் 36. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அதுதான். மேல் அறையின் அழுத்தத்தை அதோடு கூட்டினால், நுரையீரல் இரத்தக் குழாயின் அழுத்தம் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று: இது அளந்த எண் அல்ல, கணித்த எண். கசிவே இல்லாவிட்டால் கணக்குப் போட வழியில்லை. ஒலி கோணலாக விழுந்தால் வேகம் குறைவாகத் தெரியும். ஆகையால் ரிப்போர்ட்டில் எண் சற்றுக் கூடியிருந்தால் கலங்கவும் வேண்டாம். குறைந்திருந்தால் அலட்சியமும் வேண்டாம்.

சகோதரிகளே, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால், "வயதாகிவிட்டது, உடம்பு பருத்துவிட்டது" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளாதீர்கள். சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சல் சிலருக்கு இருதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தம் பெருகும்போதுதான் அது முதன்முதலாக மூச்சுத் திணறலாய் வெளிப்படும். அப்படிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று உங்கள் தாயாரிடம் கேட்டு வைத்துக் கொண்டு, டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்கோ எடுக்க ஊசி இல்லை, கத்தி இல்லை. கொஞ்ச நேரம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் போதும். வீட்டில் எல்லோருக்கும் செய்துவிட்டு மிஞ்சும் நேரத்துக்கு அதைத் தள்ளி வைக்காதீர்கள்!