மவுண்டு வெர்னன் மனை

பெரியோர் வாழ்ந்த மனையைப் பின்னோர் போற்றுதல் எந்நாட்டிற்கும் உரிய வழக்கமாகும். ஆயின், அங்ஙனம் போற்றுங்கால் காக்கத்தக்கவை யாவை என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டனது மனை தக்க சான்றாகும்.

வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில், மவுண்டு வெர்னன் என்னும் அம்மனை விளங்குகின்றது. 1799-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் வாஷிங்டன் அங்கேயே உயிர் நீத்தார். அரை நூற்றாண்டு சென்றபின் அது பெரிதும் பழுதுற்றது. உடையவரால் அதனைச் செப்பனிட இயலவில்லை. நடுவணரசும் மாநில அரசும் வாங்க முன்வந்தில. அந்நிலையில், இளமையிற் குதிரையினின்று வீழ்ந்து நோயுற்றிருந்த ஆன் பமேலா கன்னிங்காம் என்னும் நங்கை, 1853-ல் மகளிர் சங்கம் ஒன்று தொடங்கினார். அச்சங்கம் நாடெங்கும் பொருள் திரட்டி, மாளிகையையும் அதனைச் சூழ்ந்த 200 ஏக்கர் நிலத்தையும் 2,00,000 டாலருக்கு 1858-ல் விலைபேசி, 1860-ல் தன் கைக்கொண்டது. இன்றும் அதுவே அவ்விடத்தைப் பொருட்காட்சிசாலையாகப் பேணி வருகின்றது. அரசுகள் கைவிட்டதை மகளிர் காத்தனர் என்பது எண்ணுந்தொறும் இன்பம் பயப்பதாம்.

எனினும், சுவரையும் கூரையையும் காத்தல் பாதிப் பணியே. அம்மாளிகையின் நடுக்கூடத்தில் இரும்புச் சாவி ஒன்று தொங்குகின்றது. அது 1789-ல் பாரிஸ் நகரமக்கள் கைப்பற்றிய பாஸ்டீல் சிறையின் சாவி. 1790-ல் லாபாயத் என்னும் பிரெஞ்சுப் பெருமகன் வாஷிங்டனுக்கு அனுப்பியது. விடுதலையின் சின்னமாகிய அச்சாவி விளங்கிய மனையிலே அடுப்பு மூட்டியோரும், வயலில் உழுதோரும் அடிமைகள்! 1799-ல் அப்பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவருள் 123 பேர் வாஷிங்டனுக்கே உரியர். அவர்களைத் தம் வாழ்நாளில் விடுவியாத அவர், மரண சாசனத்தால் விடுவித்தார். ஏனையோருட் பெரும்பாலார் அவர் மனைவியாருடைய முதற் கணவரின் குடும்பத்திற்குரியராதலின், அவர்களை விடுவிக்கும் உரிமை அவர்க்கில்லை.

இவ்வடிமைகளின் இடுகாட்டில் 1929-ல் ஒரு கல்லும், 1983-ல் நினைவுச்சின்னமும் நிறுவப்பெற்றன. மனை பொதுவுடைமையான காலத்தை நோக்க, இவை மிகவும் பிந்தியவையே.

இவற்றைக் காட்டுதல் தலைவர் புகழுக்கு இழுக்கன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே எம் விடை. அடிமைகளின் வாழ்வை மறைப்பின், அவர்களை விடுவித்த சாசனத்தின் அருமையும் உடன் மறையும். அது காலந்தாழ்த்து வந்த குறையும் மறையும். குறையும் நிறையும் ஒருங்கே அறிந்து போற்றுவதே மெய்யான போற்றுதல். உண்மை கேட்டுத் தேயும் புகழ் புகழாகாது.

ஆதலின், ஒரு மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைப்போர் தலைவாயிலோடு அமையாது, அடுக்களை வாயிலையும் ஏவலர் குடிலையும் திறந்துவைத்தல் வேண்டும். ஆங்கு வாழ்ந்தார் அனைவரையும் நினைப்பிக்கும் மனையே நாட்டிற்கு நல்லாசிரியனாகும் என்பது எமது துணிபு.