ஈரமா, அழுகலா?

வரியைப் பற்றியும் எடைக்கல் முத்திரையைப் பற்றியும் பேசும் பக்கத்தில் கிரிக்கெட்டை எழுதுகிறானே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஆளை ஏலம் போட்டு எடுக்கிறார்கள், விலை சொல்கிறார்கள், கழிக்கிறார்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைப் பெற்றது. பண்டமாற்று நமக்குத் தெரியாததா?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையைப் பாருங்கள். விசைத்தறித் தொழிலாளியின் மகன். 2015-இல் தமிழக அணிக்கு ஆடத் தொடங்கியதுமே பந்து வீசும் முறையில் குறை என்று புகார் வந்தது. திருத்திக்கொண்டு வந்தார். 2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். மறு ஆண்டு கழித்துவிட்டார்கள். 2018-இல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. இரண்டு ஆண்டுகள் ஆட்டமே கொடுக்கவில்லை, ஆனால் அனுப்பிவிடவும் இல்லை. முத்தையா முரளிதரன் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளர். 2020-இல் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் 16 விக்கெட் எடுத்தார். அதே டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணியில் இறங்கினார். 2025 ஆட்டங்களுக்காக டெல்லி அவருக்குக் கொடுத்தது 10.75 கோடி. அங்கே அவருக்கு அதிக ஆட்டம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்; விலை ஏறியதாலேயே சரக்கு விற்றுவிடும் என்று யார் சொன்னது?

வருண் சக்கரவர்த்தியும் அப்படித்தான். 2019-க்குப் பஞ்சாப் கொடுத்த விலை 8.4 கோடி. முதல் ஓவரிலேயே 25 ரன் போயிற்று. பிறகு விரலில் காயம். அந்த ஓர் ஆட்டத்தோடு விட்டுவிட்டார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. அடுத்த பருவத்தில் 17 விக்கெட். 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் விழாமல் இந்திய அணியிலிருந்து மூன்று ஆண்டுகள் வெளியே இருந்தார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தவரும் அவர்தான்.

அமெரிக்கப் பேஸ்பாலிலும் இதே கணக்குதான். 1951-இல் வில்லி மேஸ் முதல் 26 வாய்ப்புகளில் ஒரே ஓர் அடிதான் பலிக்கக் கண்டார். நிர்வாகி லியோ டுரோச்சர் அவரைக் கீழ் அணிக்குத் திருப்பவில்லை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவரே.

தடுமாறியவர் எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. தேறாதவர்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆகவே கேள்வி, எப்படிப் பிரித்தறிவது என்பதே. செட்டிகுளம் சின்ன வெங்காயம் வாங்கும் நம்மவர்களுக்கு இது கைவந்த வித்தை. புதிதாகப் பறித்து வந்த காயில் ஈரம் இருக்கும். விலை குறைத்துத்தான் கேட்போம். அதையே உலர்த்திப் பட்டறையில் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும். அழுகல் கண்ட காயை எந்தப் பட்டறையும் காப்பாற்றாது, பக்கத்துக் காயையும் கெடுக்கும். மூட்டையில் கைவிட்டுப் பார்க்கிற வியாபாரி இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. நடராஜனின் குறையும் வருணின் குறையும் ஈரம்.

கடைப் பையன்கள் விஷயத்தில் மட்டும் ஏன் நாம் மூட்டையில் கைவிட்டுப் பார்ப்பதில்லை?

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். குன்னம் பக்கத்துப் பையன், பதினெட்டு முடிந்தவன், வேலைக்குச் சேர்ந்தான். நான்கு மாதத்தில் சிட்டையை மூன்று முறை தப்பாக எழுதினான். ஒரு பாக்கி விட்டுப்போயிற்று. சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். சிட்டை எழுத அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கணக்குப்பிள்ளை அந்த மாதங்களில் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தார். இன்று அந்தப் பையன் அரியலூரில் ஒரு மொத்த மளிகையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஏடு பார்க்காமல் சொல்கிறான். என் பாக்கியையும் சேர்த்துத்தான்! "வாங்க முதலாளி" என்று அவன் எழுந்து நிற்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

சம்பளம் கொடுத்துக் காத்திருக்க நமக்கென்ன கோடிகளா இருக்கின்றன என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பணத்தில் கை வைப்பவனுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை; அது அழுகல், அன்றே கணக்கு முடிக்க வேண்டியதுதான். மற்றபடி, ஒருவன் நமக்கு ஒத்துவரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பும் முன் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லலாமே. கல்லாவில் திணறுகிறவன் இன்னொருவர் கிடங்கில் நன்றாக நிற்பான். சிமெண்டுக் கடையில் வாய் திறக்காதவன் ஜவுளிக் கடையில் பேசலாம். பையனின் சம்மதத்தோடு, சம்பளம் குறையாமல், பெரம்பலூர்க் கடைக்கும் அரியலூர்க் கடைக்கும் இடையே ஆறு மாதத்துக்கு ஆள் மாற்றிப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

அரியலூரில் இரண்டு கடைக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள். பெரம்பலூர் பக்கம் என் கடையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.