வீட்டுக் கணனி: படங்கள் எங்கே போயின?

வீட்டில் இருப்பது ஒரே கணனி. வாப்பாவின் கடைக் கணக்கும், மகளின் உயர்தர வகுப்பு ஒப்படையும், ராத்தாவின் கலியாணப் படங்களும் அதற்குள்தான். ஒரு நாள் காலையில் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போனால், வாங்கி வந்த அன்று இருந்ததுபோலத் திரை வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு கோப்பையும் காணோம். "ராவு நீதானே கேம் அடிச்ச?" என்று சின்னவன் மீது பாய்கிறோம். பிறகு கணனியைத் தூக்கிக்கொண்டு திருத்துமிடத்துக்கு ஓடுகிறோம்.

சற்றுப் பொறுங்கள். இப்படி நேரும்போது பெரும்பாலும் கோப்புகள் அழிந்திருப்பதில்லை. அதற்குப் பிறகு நாம் செய்யும் அவசர வேலைகளால்தான் அவை அழிகின்றன.

நடந்தது என்ன?

விண்டோஸ் கணனியில் ஒவ்வொருவருக்கும் ஓர் அக்கவுண்ட் உண்டு. அதைத் திறப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தத் திறப்புக்குரிய அறைதான் புரொபைல். சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் அந்த அறை இருக்கிறது. உங்கள் ஆவணங்கள், படங்கள், திரை அமைப்புகள் யாவும் அதில்தான்.

சில வேளைகளில் விண்டோஸினால் அந்த அறையைத் திறக்க முடியாமல் போகும். கணனி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றிருக்கலாம். ஹாட் டிஸ்க் பழுதடையத் தொடங்கியிருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைப் பிடித்து வைத்திருக்கலாம். அப்போது விண்டோஸ் உங்களை வெளியே நிறுத்தாமல், தற்காலிக அறையொன்றில் இருத்துகிறது. உங்கள் அக்கவுண்டுக்குள் போக முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தலும் வரும். நாம் வாசிக்காமலே அதை மூடிவிடுகிறோம்.

செய்யக் கூடாதவை

1. அந்தத் தற்காலிக அறையில் எதையும் எழுதிச் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் அது துடைக்கப்பட்டுவிடும். ஏற்கனவே எழுதியிருந்தால், வெளியேற முன்னர் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள்.

2. பழைய அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம் என்று நினைக்காதீர்கள். செட்டிங்ஸில் அக்கவுண்டை அழித்தால் அதன் கோப்புகளும் சேர்ந்தே அழியும்.

3. "போர்மட் பண்ணினால் சரி" என்று யாராவது சொன்னால், பிரதி எடுக்கும்வரை சம்மதிக்காதீர்கள். போர்மட் பண்ணினால் கணனி திருந்தலாம். ஆனால் கலியாணப் படங்கள் திரும்பி வரா.

செய்ய வேண்டியவை

முதலில் கணனியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். பல வேளைகளில் இதனாலேயே பழைய திரை வந்துவிடும்.

வராவிட்டால் சி டிரைவைத் திறந்து, 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் தேடுங்கள். அனுமதி கேட்டால் 'கன்டினியூ' என்பதை அழுத்துங்கள். 'டெஸ்க்டொப்', 'டொகியுமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டவுன்லோட்ஸ்' ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். 'வன்டிரைவ்' என்ற கோப்புறை இருந்தால் அதையும் பாருங்கள். சில கணனிகளில் படங்கள் அதற்குள்தான் இருக்கும். எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். இது முடிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து, சி டிரைவின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'புரொபர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' என்று போய் டிஸ்க்கைச் சோதியுங்கள். பின்னர் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போய்ப் புதிய அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி, ஒரு தடவை அதனுள் நுழையுங்கள். பிரதி எடுத்தவற்றை அதற்குரிய இடங்களில் வையுங்கள். ஆவணங்களையும் படங்களையும் மாத்திரம் கொண்டு போனால் போதும். 'என்டியூசர்' என்று தொடங்கும் கோப்புகளைத் தொடாதீர்கள்; பழைய பழுதும் கூடவே வந்துவிடும். 'ரெஜிஸ்ட்ரி' என்ற பகுதியில் கைவைத்துத் திருத்தும் வழியும் உண்டு. அதை விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

பாஸ்வேர்ட் மறந்தால்

மைக்ரோசொப்ட் அக்கவுண்ட் என்றால், பதிந்து வைத்த தொலைபேசி இலக்கம் அல்லது மின்னஞ்சல் மூலம் வேறொரு கருவியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். கணனிக்குள் மாத்திரம் உருவாக்கிய அக்கவுண்ட் என்றால், உருவாக்கும்போது கொடுத்த மூன்று கேள்விகளுக்கான பதில்கள் தேவை. அண்மைக் காலக் கணனிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்கங்கள், முதலில் கணனியை அமைத்தவரின் மைக்ரோசொப்ட் அக்கவுண்டில் இருக்கக்கூடும். கடைக்காரர் தனது பெயரில் அமைத்துத் தந்திருந்தால், இன்றே அந்த இலக்கங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அவை இல்லாமல் எந்தத் திருத்துனராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

வருமுன் காக்க

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அக்கவுண்ட் இருக்கட்டும். பிள்ளைகளுடையது சாதாரண அக்கவுண்டாக இருந்தால் போதும். யாரும் நாளாந்தம் பாவிக்காத, முழு அதிகாரமுள்ள அக்கவுண்ட் ஒன்றை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் அறை திறக்காதபோது அந்த வழியாக உள்ளே போகலாம். மின்சுவிட்சை நிறுத்திக் கணனியை அணைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

எல்லாவற்றையும்விட, வாரத்தில் ஒரு நாள் பிரதி எடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். நாம் பேச்சு வாங்கிக் கொடுக்கும் அந்தச் சின்னவனே அதற்குப் பொருத்தமானவனாக இருக்கலாம்.